தயவில் கிடைத்த நாற்காலி

(வாசிப்பு வட்டக் கூட்டம் ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



சதுரங்கத்தைப் பற்றிப் பேசுகிறேன் என்று சொன்னதும் தோழர் ஒருவர், "குகேஷைப் பற்றியா?" என்று கேட்டார். இல்லை. குகேஷ், பிரக்ஞானந்தா பற்றிப் பேச நிறையப் பேர் இருக்கிறார்கள். நான் பேசப்போவது 1930 முடிந்து 1931 பிறந்த அந்தச் சில நாட்களில், இங்கிலாந்தின் தென்கிழக்கே ஹேஸ்டிங்ஸ் என்ற கடற்கரை ஊரில் நடந்த ஒரு போட்டியைப் பற்றி. அதில் ஒரே ஒரு ஆட்டத்தைப் பற்றி.

கருப்புக் காய்களோடு உட்கார்ந்திருந்தவர் கியூபாவைச் சேர்ந்த ஹோசே ரவூல் காபபிளாங்கா. 1921 முதல் 1927 வரை உலக சாம்பியன். 1916 முதல் 1924 வரை எட்டு ஆண்டுகள் போட்டி ஆட்டம் ஒன்றில்கூடத் தோற்காதவர். சதுரங்கம் என்றால் காபபிளாங்கா என்று உலகம் நினைத்த காலம் அது.

வெள்ளைக் காய்களோடு உட்கார்ந்திருந்தவர் மீர் சுல்தான் கான். 1903இல் பிரிக்கப்படாத பஞ்சாபில், இன்று பாகிஸ்தானில் இருக்கும் மிட்டா திவானா என்ற ஊரில் பிறந்தவர். ஒன்பது வயதில் அப்பாவிடம் ஆட்டம் கற்றார். ஆனால் அவர் கற்றது இந்திய ஆட்டம். அதில் சிப்பாய் முதல் நகர்விலும் ஒரு கட்டம்தான் போகும். கோட்டை கட்டும் விதி வேறு. கடைசிக் கட்டத்துக்குப் போன சிப்பாய் என்னவாக மாறும் என்கிற விதியும் வேறு. ஐரோப்பிய விதிகளை அவர் கற்றபோது வயது இருபதைத் தாண்டிவிட்டது. கற்று நான்கைந்து ஆண்டுகளில் காபபிளாங்காவுக்கு எதிரே உட்கார்ந்திருக்கிறார்.

அவரை ஐரோப்பிய ஆட்டத்துக்குக் கொண்டுவந்தவர் சர் உமர் ஹயாத் கான் திவானா. பெரிய நிலப்பிரபு, பிரிட்டிஷ் அரசின் விசுவாசி, சதுரங்கப் பிரியர். 1928இல் அகில இந்தியப் போட்டியில் சுல்தான் கான் எட்டு ஆட்டங்களில் வென்றார், ஒன்றைச் சமன் செய்தார், ஒன்றில்கூடத் தோற்கவில்லை. அடுத்த ஆண்டு உமர் ஹயாத் கான் லண்டனில் இந்தியா மந்திரியின் ஆலோசனைக் குழுவில் உறுப்பினரானார். சுல்தான் கானும் அவருடன் லண்டன் போய்ச் சேர்ந்தார்.

அந்த ஆட்டத்தை நீங்கள் இன்றும் நகர்வு நகர்வாகப் போட்டுப் பார்க்கலாம். 21ஆவது நகர்விலிருந்து காபபிளாங்கா இரண்டு யானைகளையும் அடுத்தடுத்து உள்ளே இறக்கினார். காய்கள் வெட்டுப்பட்டு முடிந்தபோது சுல்தான் கானிடம் ராணி இல்லை. பதிலுக்கு இரண்டு யானைகள் இருந்தன. காபபிளாங்காவிடம் ராணி இருந்தது, யானைகள் இல்லை. பலகையிலேயே வலிமையான காய் உலகின் வலிமையான ஆட்டக்காரர் கையில். பார்க்கிறவர்கள் எந்தப் பக்கம் பந்தயம் கட்டியிருப்பார்கள் என்று சொல்லத் தேவையில்லை.

அதற்குப் பிறகு சுல்தான் கான் அவசரப்படவே இல்லை. சிப்பாய்களை ஒவ்வொன்றாக நகர்த்தி ராணி உள்ளே வரும் வழிகளை அடைத்தார். ராஜாவைப் பத்திரமான மூலைக்கு நடத்திக் கொண்டுபோனார். வலிமையான அந்த ராணி போக இடமில்லாமல் பலகையின் ஓரத்தில் இரண்டு கட்டங்களுக்கு நடுவே போவதும் வருவதுமாக இருந்தது. ஐம்பது நகர்வுகளைத் தாண்டிய பிறகு ஒரு யானை உள்ளே நுழைந்தது. 65 நகர்வுகளில் ஆட்டம் முடிந்தது. காபபிளாங்கா தோற்றார்.

போட்டியின் முடிவில் மாக்ஸ் ஊவே முதலிடம், காபபிளாங்கா இரண்டாமிடம், சுல்தான் கான் மூன்றாமிடம். ஆக, காபபிளாங்கா அவரைவிட வலுவானவர் என்பது பொய்யாகிவிடவில்லை. ஒரு ஆட்டம் எல்லாவற்றையும் புரட்டிப்போடாது. ஆனால் வலுவானவர் என்றால் என்ன, அந்த வலு எங்கிருந்து வருகிறது என்று கேட்பதற்கு இந்த ஆட்டம் நமக்கு ஒரு வாசலைத் திறக்கிறது.

தோழர்களே, சதுரங்கத்தில் ஏற்றத்தாழ்வு இருக்கிறது. அதை மறைக்க வேண்டியதில்லை. அதை அளக்கவே ஒரு முறை இருக்கிறது. ஆர்பாத் ஈலோ என்ற இயற்பியல் பேராசிரியர் உருவாக்கிய மதிப்பெண் முறையைச் சர்வதேசச் சதுரங்கக் கூட்டமைப்பு 1970இல் ஏற்றுக்கொண்டது. இரண்டு பேருக்கிடையே 400 புள்ளி வித்தியாசம் இருந்தால், நூறு ஆட்டங்களில் எளியவருக்குச் சுமார் ஒன்பது புள்ளிகள் கிடைக்கும் என்பது அதன் கணக்கு. 200 புள்ளி வித்தியாசம் என்றால் சுமார் 24. எவ்வளவு பெரிய வித்தியாசமானாலும் அந்தக் கணக்கில் எளியவரின் வாய்ப்பு சுழியம் ஆவதில்லை. ஒவ்வொரு ஆட்டம் முடிந்ததும் எண் மாறும். உங்களைவிட வலுவானவரை வென்றால் அதிகம் ஏறும். அப்பாவின் எண் பிள்ளைக்கு வராது. பிள்ளை தன் எண்ணைத் தானே சம்பாதிக்க வேண்டும்.

சாதியும் மனிதர்களுக்கு எண் போடுகிறது. ஆனால் அந்த எண் பிறக்கும்போதே எழுதப்படுகிறது. நீங்கள் எத்தனை ஆட்டம் வென்றாலும் மாறுவதில்லை. அண்ணல் அம்பேத்கர் அதைப் படிநிலைப்படுத்தப்பட்ட ஏற்றத்தாழ்வு என்று விளக்கினார். திறமையில் வித்தியாசம் இருப்பதும் சாதி இருப்பதும் ஒன்றல்ல. இந்த இரண்டையும் வேண்டுமென்றே குழப்புவதில்தான் "தகுதி, திறமை" பேசுகிறவர்களின் சாமர்த்தியம் இருக்கிறது.

சுல்தான் கானின் கதையில் அதிகம் பேசப்படாத ஒரு சம்பவம் உண்டு. 1929இல் லண்டன் வந்ததும் அவருக்காக ஒரு சிறு பயிற்சிப் போட்டி நடத்தினார்கள். அகில இந்திய சாம்பியன் அதில் கடைசி இடத்தைப் பகிர்ந்துகொண்டார். அத்தோடு அவரை அளந்து முடித்திருந்தால் என்ன எழுதியிருப்பார்கள்? இந்தியாவில் ஜெயித்தவர், இங்கே தாக்குப்பிடிக்க முடியவில்லை, தகுதி இல்லை என்று கோப்பை மூடியிருப்பார்கள். ஆனால் அந்தப் போட்டியில் அவருக்கு மேலே வந்த வில்லியம் விண்டர், ஃபிரெடரிக் யேட்ஸ் இருவரும் அவருடன் உட்கார்ந்து பயிற்சி கொடுத்தார்கள். சில மாதங்களில் ராம்ஸ்கேட் நகரில் நடந்த பிரிட்டிஷ் சாம்பியன்ஷிப்பை அவர் வென்றார். மூளை அதேதான், மனிதரும் அவரேதான். மாறியது என்ன?

மாறியது தொடக்க ஆட்டம். சதுரங்கத்தில் முதல் பத்துப் பதினைந்து நகர்வுகளைத் தொடக்க ஆட்டம் என்கிறோம். பெரும்பாலும் அது அங்கேயே உட்கார்ந்து சிந்தித்து ஆடுவதல்ல. நூற்றாண்டுகளாக யார் யாரோ ஆடி, தோற்று, திருத்தி, புத்தகமாக எழுதி வைத்த அறிவு. அந்தப் புத்தகங்கள் அன்றைக்கு ஆங்கிலத்திலும் ஜெர்மனிலும் இருந்தன. அவை சுல்தான் கானுக்குக் கிடைக்கவில்லை. அதனால் அவருடைய தொடக்கம் பலவீனம் என்றும் இறுதி ஆட்டம் அபாரம் என்றும் எல்லோரும் சொன்னார்கள். காய்கள் குறைந்து, புத்தகம் தீர்ந்து, இரண்டு மனிதர்கள் தங்கள் சொந்த மூளையோடு மட்டும் எதிரெதிரே நிற்கும் இடத்தில் அவர் உலகத்தரம்.

எனக்கு இது புத்தகத்தில் படித்துப் புரிந்த விஷயம் அல்ல. நான் சதுரங்கம் கற்றது அரசு நல விடுதியில். பலகையில் ஒரு கருப்பு யானை காணாமல் போய், அந்த இடத்தில் ஒரு அழிரப்பர் நின்றது. எங்கள் விடுதியில் நான் நன்றாகவே ஆடுவேன். முதல்முறையாக மாவட்ட அளவிலான ஓபன் போட்டிக்குப் போனபோது எதிரே உட்கார்ந்த பையன் என்னைவிட நான்கு வயது சின்னவன். முதல் பத்து நகர்வுகளை அவன் ஒரு நிமிடத்தில் ஆடி முடித்தான். நான் ஒவ்வொரு நகர்வுக்கும் யோசித்துக்கொண்டிருந்தேன். அவன் யோசிக்கவே இல்லை. அவனுக்குப் பதிலாக அவனுடைய பயிற்சியாளரும் அலமாரி நிறைய இருந்த புத்தகங்களும் ஏற்கெனவே யோசித்திருந்தார்கள். நடு ஆட்டத்துக்கு வரும்போது என் கடிகாரத்தில் பாதி நேரம் போய்விட்டது. தோற்றேன். அவன் நல்ல பையன். ஆட்டம் முடிந்ததும் பக்கத்தில் உட்கார்ந்து எங்கே தவறினேன் என்று காட்டினான். அவன் மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. ஆனால் அன்றைக்கு எங்கள் இருவரிடமும் அளக்கப்பட்டது என்ன என்ற கேள்வி மட்டும் இன்றுவரை என்னோடு இருக்கிறது.

நுழைவுத் தேர்வு, நேர்முகம், ஆங்கில உச்சரிப்பு, எந்தப் பத்திரிகையில் கட்டுரை வந்திருக்கிறது என்ற கேள்வி, எல்லாமே பெரும்பாலும் முதல் பத்து நகர்வுகளை அளக்கின்றன. மூன்று தலைமுறையாகப் படித்த குடும்பத்தில் அந்தப் பத்து நகர்வுகள் சாப்பாட்டு மேசையிலேயே கிடைத்துவிடும். வீட்டில் முதலில் பள்ளிக்கூடம் போன பிள்ளை அதே பத்து நகர்வுகளைத் தேர்வறையில் உட்கார்ந்து தானே கண்டுபிடிக்க வேண்டும். பிறகு இரண்டு பேரின் மதிப்பெண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, பார், தகுதி வித்தியாசம் என்கிறார்கள்.

இந்த இடத்தில் ஒரு ஆள் எழுந்து கேட்பார்: "சுல்தான் கான் இட ஒதுக்கீட்டிலா வந்தார்? திறமை இருந்தது, மேலே வந்தார். திறமை இருந்தால் யார் வேண்டுமானாலும் வரலாமே?" நம்மூரில் ஏழை வீட்டுப் பிள்ளை ஒருவர் ஐ.ஏ.எஸ். ஆனதும் அடுத்த நாளே இந்த வாதம் வந்துவிடும். அதற்குப் பதில் சொல்ல, சுல்தான் கான் எப்படி வந்தார் என்பதோடு எப்படிப் போனார் என்பதையும் பார்க்க வேண்டும்.

அவர் பிரிட்டிஷ் சாம்பியன்ஷிப்பை மூன்று முறை வென்றார்: 1929, 1932, 1933. இங்கிலாந்து அணிக்காக ஒலிம்பியாடுகளில் முதல் பலகையில் ஆடினார். 1931இல் பிராகாவில் ரூபின்ஸ்டைனைத் தோற்கடித்தார். அன்றைய உலக சாம்பியன் அலெக்கைனுடன் சமன் செய்தார். அதே ஆண்டு டார்டகோவரைத் தனிப் போட்டியில் வென்றார். இங்கிலாந்தின் குளிர் ஒத்துக்கொள்ளாமல், தொண்டையில் கட்டுப் போட்டுக்கொண்டு ஆடிய நாட்களும் உண்டு.

1933இல் ஃபோக்ஸ்டன் ஒலிம்பியாடுக்கு வந்த அமெரிக்க அணியை உமர் ஹயாத் கான் தன் லண்டன் வீட்டுக்கு விருந்துக்கு அழைத்தார். அந்த அணியில் இருந்த ரூபன் ஃபைன் பிற்காலத்தில் அதை எழுதினார். அவர்கள் மேசையில் உட்கார்ந்திருக்க, அவர்களுக்குப் பரிமாறியவர் சுல்தான் கான் என்கிறார் ஃபைன். பலகையில் அவர்களுக்குச் சமமாக உட்கார்ந்தவர், சாப்பாட்டு மேசையில் தட்டோடு நிற்கிறார்.

இந்தக் காட்சியைக் கேட்டதும் நமக்கு ரத்தம் கொதிக்கும். ஆனாலும் ஆய்வு செய்கிறவன் என்ற முறையில் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். சுல்தான் கானின் பேத்தி இந்தச் சித்திரத்தை மறுத்து எழுதியிருக்கிறார். தாத்தா வேலைக்காரர் அல்லர், எழுதப் படிக்கத் தெரியாதவரும் அல்லர், ஊரில் மதிப்புள்ள குடும்பத்தைச் சேர்ந்தவர் என்கிறார். "படிக்காத அடிமை, இயற்கையான மேதை" என்று எழுதுவதில் வெள்ளை எழுத்தாளர்களுக்கு ஒரு சுகம் இருந்தது என்பதை நாமும் மறுக்க முடியாது. அப்படி எழுதினால் அவருடைய உழைப்பு மறைந்துவிடும், அற்புதம் மட்டும் மிஞ்சும். பேத்தி சொல்வதை நான் மதிக்கிறேன். சுல்தான் கான் தலித் அல்லர். அவரை நம் வரிசையில் இழுத்து நிறுத்த நான் இதைச் சொல்லவில்லை.

ஃபைன் சொல்வதை ஏற்றாலும் பேத்தி சொல்வதை ஏற்றாலும் ஒரு உண்மை அப்படியே இருக்கிறது. சுல்தான் கான் லண்டனுக்கு வந்தது உமர் ஹயாத் கான் வந்ததால். 1933 டிசம்பரில் உமர் ஹயாத் கான் இந்தியா திரும்பினார். சுல்தான் கானும் திரும்பினார். அந்த ஆண்டுதான் அவர் மூன்றாவது முறை சாம்பியன் ஆகியிருந்தார். வயது முப்பது. 1935இல் கதில்கர் என்ற ஆட்டக்காரருடன் ஒரு தொடர் ஆடி ஏறக்குறைய எல்லா ஆட்டங்களையும் வென்றார். அதன் பிறகு சர்வதேசச் சதுரங்கத்தில் அவர் பெயரே இல்லை. சொந்த ஊர்ப்பக்கம் விவசாயம் பார்த்தார். தன் பிள்ளைகளுக்குச் சதுரங்கம் சொல்லித்தரவில்லை, வாழ்க்கையில் இதைவிடப் பயனுள்ள ஏதாவது செய்யுங்கள் என்றார் என்று அவருடைய மூத்த மகன் நினைவுகூர்ந்திருக்கிறார். 1966இல் சர்கோதாவில் காசநோயால் இறந்தார்.

அவர் ஊரில் நிம்மதியாக வாழ்ந்திருக்கலாம். அது அவர் சொந்த வாழ்க்கை. ஆனால் முப்பது வயதில், உச்சத்தில் இருக்கும்போது, ஒரு ஆட்டக்காரரின் சர்வதேச வாழ்க்கை முடிந்ததற்குக் காரணம் அவர் தோற்றதல்ல. அவரை அழைத்து வந்தவரின் கப்பல் கிளம்பியதுதான். எத்தனை ஆண்டு ஆடலாம் என்பதை அவர் திறமை தீர்மானிக்கவில்லை.

அதே வீட்டில் ஃபாத்திமா என்ற இளம்பெண்ணும் இருந்தார். உமர் ஹயாத் கானின் பரிவாரத்தோடு லண்டன் வந்து சதுரங்கம் பழகியவர். 1933இல் பிரிட்டிஷ் பெண்கள் சாம்பியன்ஷிப்பைப் பெரிய வித்தியாசத்தில் வென்றார். அவரும் திரும்பிப் போனார். பட்டத்தைத் தக்கவைக்க அடுத்த ஆண்டு அவர் அங்கே இல்லை. சுல்தான் கானைப் பற்றியாவது புத்தகம் எழுதினார்கள். ஃபாத்திமாவுக்குப் பெரும்பாலும் கிடைத்தது அந்தப் புத்தகங்களில் ஒரு பத்தி.

1950இல் சர்வதேசக் கூட்டமைப்பு முதன்முதலாகக் கிராண்ட்மாஸ்டர் பட்டத்தை 27 பேருக்கு அதிகாரபூர்வமாக வழங்கியது. அந்தப் பட்டியலில் ரூபின்ஸ்டைன் இருந்தார். அவர் 1932க்குப் பிறகு போட்டிகளில் ஆடவில்லை, பழைய சாதனைகளுக்காகக் கொடுத்தார்கள். கொடுக்க வேண்டியதுதான், மாபெரும் ஆட்டக்காரர். டார்டகோவரும் இருந்தார். இந்த இருவரையும் வென்ற சுல்தான் கான் அப்போது உயிரோடு இருந்தார், வயது 47. அவர் பெயர் இல்லை. 2024இல்தான், இறந்து 58 ஆண்டுகள் கழித்து, அவருக்குக் கௌரவ கிராண்ட்மாஸ்டர் பட்டம் கொடுத்தார்கள். ஆட்டம் நிறுத்தியவர் என்பது காரணம் என்றால் அது ரூபின்ஸ்டைனுக்கும் பொருந்தியிருக்க வேண்டும். பட்டியல் போடும் அறையில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதும் தகுதியைத் தீர்மானிக்கிறது.

இப்போது ஹேஸ்டிங்ஸிலிருந்து உங்களைக் கொஞ்சம் லண்டனுக்குக் கூட்டிப் போகிறேன். ரயிலில் கொஞ்ச தூரம்தான். சுல்தான் கான் காபபிளாங்காவுக்கு எதிரே உட்கார்ந்திருந்த அதே நாட்களில், லண்டனில் முதலாவது வட்டமேசை மாநாடு நடந்துகொண்டிருந்தது. 1930 நவம்பர் 12 அன்று தொடங்கி 1931 ஜனவரி 19 வரை நடந்தது. அங்கே ஒடுக்கப்பட்ட மக்களின் பிரதிநிதிகளாக இரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் பாபாசாகேப் அம்பேத்கர். இன்னொருவர் நம் மண்ணின் இரட்டைமலை சீனிவாசன்.

அதுவும் சமமற்ற வலிமையுள்ளவர்களின் ஆட்டம்தான். எதிரே சமஸ்தான மன்னர்கள், பிரிட்டிஷ் அமைச்சர்கள், நிலப்பிரபுக்கள், பெரும் வழக்கறிஞர்கள். இவர்களிடம் பணம் இல்லை, பத்திரிகை இல்லை, படை இல்லை. தயவைக் கேட்டிருந்தால் கொஞ்சம் கிடைத்திருக்கும். நான்கு பள்ளிக்கூடம், இரண்டு கிணறு, சிலருக்கு வேலை என்று. அவர்கள் அதைக் கேட்கவில்லை. சமக் குடியுரிமை, சட்டமன்றத்தில் பிரதிநிதித்துவம், அரசுப் பணியில் பங்கு, தனித் தொகுதி என்று எழுதிக் கொடுத்தார்கள். எங்களை யாரும் அழைத்து வந்து உட்கார வைக்க வேண்டாம், எங்கள் நாற்காலியைச் சட்டத்தில் எழுதுங்கள் என்பதுதான் அதன் பொருள்.

ஒரே நகரத்தில், ஒரே குளிர்காலத்தில், இந்தியாவிலிருந்து போனவர்கள் இரண்டு விதமாக நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்கள். ஒன்று தயவில் கிடைத்தது. இன்னொன்று உரிமையாகக் கேட்கப்பட்டது. தயவில் கிடைத்த நாற்காலியில் உட்கார்ந்தவர் உலக மேதையையே வென்றார். ஆனாலும் அந்த நாற்காலி அவருடையதாக ஆகவில்லை.

உரிமை கேட்டவர்களுக்கு என்ன நடந்தது என்பது உங்களுக்குத் தெரியும். 1932 ஆகஸ்டில் வகுப்புவாரித் தீர்ப்பு வந்தது, தனித் தொகுதி கிடைத்தது. காந்தி எரவாடா சிறையில் உண்ணாவிரதம் இருந்தார். செப்டம்பர் 24 அன்று பூனா ஒப்பந்தம் கையெழுத்தானது. மாகாணச் சட்டமன்றங்களில் இடங்கள் 148ஆகக் கூடின. ஆனால் தேர்ந்தெடுக்கும் இறுதி அதிகாரம் பொதுத் தொகுதியின் பெரும்பான்மையிடம் போனது. நாற்காலி நமக்கு, அதில் யார் உட்காரலாம் என்று சொல்வது அவர்கள். உரிமைக்குள் மறுபடியும் தயவைச் செருகினார்கள். அந்தக் காயத்தைப் பற்றி அம்பேத்கர் பல ஆண்டுகள் கழித்தும் எழுதிக்கொண்டிருந்தார் என்றால் காரணம் இதுதான்.

நம் மாகாணத்திலும் இந்த ஆட்டம் நடந்தது. நீதிக்கட்சி ஆட்சியில் 1921இல் வகுப்புவாரி ஆணை பிறந்தது. அரசியலமைப்பு நடைமுறைக்கு வந்ததும், தகுதி இருந்தும் எங்களுக்கு இடம் மறுக்கப்படுகிறது என்று நீதிமன்றம் போனார்கள். 1951இல் செண்பகம் துரைராஜன் வழக்கில் உச்ச நீதிமன்றம் ஆணையைச் செல்லாது என்றது. பெரியாரும் இயக்கமும் தெருவில் நின்றார்கள். அதே ஆண்டு அரசியலமைப்பில் முதல் திருத்தம் வந்தது, 15(4) பிறந்தது. இன்றைக்கு நான் ஆய்வு மாணவனாக இங்கே நின்று பேசுவதற்கு அந்த எண்ணும் ஒரு காரணம். யாருடைய பெருந்தன்மையும் காரணமல்ல.

சதுரங்கத்திலேயே இதற்கு ஒரு நல்ல உதாரணம் உண்டு. ஓபன் போட்டிகளில் சுவிஸ் முறை என்று ஒன்று கடைப்பிடிக்கிறார்கள். முதல் சுற்றில் எல்லோரையும் மதிப்பெண் வரிசையில் நிறுத்தி, பட்டியலை நடுவில் பாதியாகப் பிரிப்பார்கள். மேல்பாதியின் முதல் ஆள், கீழ்ப்பாதியின் முதல் ஆளோடு ஆட வேண்டும். அதனால்தான் சின்ன ஊரிலிருந்து பேருந்து பிடித்து வந்த ஒரு பிள்ளை முதல் நாளே கிராண்ட்மாஸ்டருக்கு எதிரே உட்கார முடிகிறது. கிராண்ட்மாஸ்டர் மனமிரங்கி ஆடவில்லை. அந்தப் பிள்ளையும் நன்றிக்கடனோடு உட்காரவில்லை. விதி அப்படி. விதி உட்கார வைத்தால் தலை குனிய வேண்டியதில்லை. பிள்ளை தோற்கலாம், பெரும்பாலும் தோற்கும். ஆனால் தோற்றது ஆட்டத்தில், மானத்தில் அல்ல.

1949 நவம்பர் 25 அன்று அரசியல் நிர்ணய சபையில் அம்பேத்கர் ஒரு எச்சரிக்கை கொடுத்தார். அரசியலில் நமக்குச் சமத்துவம் வந்துவிடும், சமூக வாழ்விலும் பொருளாதார வாழ்விலும் ஏற்றத்தாழ்வு அப்படியே இருக்கும், இந்த முரண்பாட்டோடு எவ்வளவு நாள் வாழ்வோம் என்று கேட்டார். அதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு ஃபைன் எழுதிய அந்த விருந்து நினைவுக்கு வரும். பலகையில் இருவருக்கும் பதினாறு பதினாறு காய்கள். எழுந்து அடுத்த அறைக்குப் போனால் ஒருவர் உட்காருகிறார், ஒருவர் பரிமாறுகிறார்.

பல்கலைக்கழகத்தில் அந்த அடுத்த அறையை நான் பார்த்திருக்கிறேன். ஒரு நேர்முகத்தில் என் ஆய்வுத் தலைப்பைக் கேட்பதற்கு முன் எந்தப் பிரிவில் விண்ணப்பித்தேன் என்று கேட்டார்கள். பதில் சொன்னதும், "சரி, உங்களுக்குச் சிரமம் இருக்காது" என்று ஒருவர் சிரித்தார். உதவித்தொகை ஏழு மாதம் வராமல் நின்றபோது விசாரிக்கப் போன என்னிடம், "சேர்த்துக்கொண்டதே பெரிய விஷயம், கொஞ்சம் பொறுமையாக இருங்கள்" என்று அறிவுரை கிடைத்தது. சட்டம் கொடுத்ததைத் தங்கள் கையால் கொடுத்ததாக நினைத்துக்கொள்ளும் பழக்கம் அது. நாம் ஒருமுறை "ஆமாம் சார், உங்கள் தயவு" என்று சொல்லிவிட்டால் போதும், உரிமை அந்த இடத்திலேயே தயவாகிவிடும். பிறகு அதைப் பிடுங்குவது சுலபம்.

அதனால் இங்கே வந்திருக்கிற இளம் தோழர்களுக்கு ஒரு வேண்டுகோள். உதவித்தொகைக்கோ விடுதி அறைக்கோ ஆய்வு இடத்துக்கோ போய் நிற்கும்போது அதற்கான அரசாணையின் நகலைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். விண்ணப்பத்தில் "கருணை கூர்ந்து" என்று எழுதாதீர்கள், விதியின் எண்ணை எழுதுங்கள். ஒரு அதிகாரி உண்மையிலேயே நல்லவராக இருந்தால் நன்றி சொல்லுங்கள், அதில் தவறில்லை. விண்டரும் யேட்ஸும் நல்ல மனிதர்கள்தான். ஆனால் நல்லவர் மாறுதலாகிப் போன பிறகும் நம் தம்பி தங்கைகளுக்கு அந்த இடம் இருக்க வேண்டும். அதற்கு நல்ல மனம் போதாது, விதி வேண்டும். விதி இருக்கும் இடத்தில் அதை நடைமுறைப்படுத்த நாம் கூட்டமாகப் போய் நிற்க வேண்டும்.

முதல் தலைமுறைப் பிள்ளைகளுக்கு அந்தப் பத்து நகர்வுகளைச் சொல்லிக்கொடுக்கும் வேலையும் நமக்கு இருக்கிறது. இந்தக் கூட்டத்தில் ஆய்வு மாணவர்கள் பலர் இருக்கிறீர்கள். விண்ணப்பம் எப்படி எழுதுவது, நேர்முகத்தில் என்ன கேட்பார்கள், கட்டுரையை எங்கே அனுப்புவது என்பதெல்லாம் நாம் அடிபட்டுக் கற்றவை. அதை நம்மோடு பூட்டி வைத்துக்கொண்டால் நாமும் அலமாரிப் புத்தகத்தின் சொந்தக்காரர்களாக மாறிவிடுவோம். வாரம் ஒரு மாலை ஒதுக்குங்கள். உங்கள் ஊர் நல விடுதிக்குப் போய் உட்காருங்கள். போகும்போது ஒரு சதுரங்கப் பலகையும் வாங்கிப் போங்கள், எல்லாக் காய்களும் இருக்கிறதா என்று எண்ணிப் பார்த்து.